ஹாலோவீன் இரவில் முதல் ஆட்டம்: முன்பின் விளையாடாதவர்களை மேசைக்கு எப்படி அழைப்பது?

அந்திவிளக்கு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக ஒரே குழுவுடன் டேபிள்டாப் ஆர்.பி.ஜி. (மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிக் கதையை வளர்க்கும் விளையாட்டு) விளையாடி வருகிறேன், அவற்றில் நான்கு ஆண்டுகள் கதையை நடத்தும் கேம் மாஸ்டராக இருந்திருக்கிறேன். வரும் அக்டோபர் 31 அன்று மாலை ஐந்து நண்பர்கள் என் வீட்டிற்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இத்தகைய விளையாட்டை ஆடியதில்லை. ஹாலோவீன் இரவுக்கு ஏற்ற, அச்சமூட்டும் ஆட்டம் ஒன்றை அவர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு இதே நாளில் வேறு சில நண்பர்களுடன் முயன்றேன், சரியாக அமையவில்லை. எனக்கு நன்கு பழகியது என்பதால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். தம் கதாபாத்திரத்தைத் தாமே உருவாக்கினால் அதன்மீது பற்று ஏற்படும் என்று எண்ணி, எல்லோரும் அமர்ந்த பிறகுதான், கதாபாத்திரத்தின் திறன்களை எழுதும் கேரக்டர் ஷீட்டை நிரப்பத் தொடங்கினோம். ஒன்றே முக்கால் மணி நேரம் அதிலேயே கழிந்தது. ஒரு தோழி, தாளில் எழுதிய ஆறு எண்களுக்கும் பக்கத்தில் எழுத வேண்டிய கூட்டல் கழித்தல் எண் எங்கிருந்து வருகிறது என்று மூன்றாம் முறையாகக் கேட்டார். கேட்கும்போதே அவருடைய பென்சில் முனை ஒரே இடத்தில் புள்ளி மேல் புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் தாள் கிழிந்தும்விட்டது. கதை தொடங்கிய நேரத்தில் இருவர் கைப்பேசிக்குள் போயிருந்தார்கள். நான் எழுதி வைத்திருந்த பாழடைந்த மாளிகையின் வாசலைத் தாண்டுவதற்குள் விடைபெறும் நேரம் வந்துவிட்டது.

இம்முறை அது நேரக்கூடாது. எனக்கு இருப்பது மூன்றரை மணி நேரம். ஒரே அமர்வில் கதை முடிந்துவிட வேண்டும். வரும் ஐவரில் ஒருவர் திகில் படங்களை அறவே பார்க்காதவர்; ஆனாலும் எங்களுடன் இருக்க ஆசைப்படுகிறார். இன்னொருவர் மிகவும் அமைதியானவர். நான்கு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறப்பதே அரிது. மூன்றாமவர் தொலைபேசியில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “இதில் ஜெயிப்பது எப்படி?” என்பதுதான். அதற்கு என்னால் தெளிவாக விடை சொல்ல முடியவில்லை.

எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுக்கலாம், முதல் கால் மணி நேரத்தில் அவர்களிடம் என்ன சொல்லலாம், விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆடுவது உதவுமா இடைஞ்சலாகுமா என்பவற்றில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

மரக்கோபுரம்:

விதிகளின் சுமை ஒரு காரணம்தான். ஆனால் புதியவர் மேசையில் திகைத்து நிற்பதற்கு அதைவிடப் பெரிய காரணம், ‘இங்கே நான் என்ன சொல்லலாம்?’ என்று அவருக்குத் தெரியாததே. சதுரங்கத்தில் காயை நகர்த்தலாம், சீட்டாட்டத்தில் சீட்டை இறக்கலாம். இங்கோ, கேம் மாஸ்டர் “என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்கிறார். எதையும் சொல்லலாம் என்ற நிலை பழகியவருக்கு விடுதலை, பழகாதவருக்குப் பெருந்திகைப்பு. பிடிமானம் தேடி அவர் ஷீட்டில் உள்ள எண்களைத் துழாவுகிறார். அவையும் புரியாதபோது பேச்சு நின்றுவிடுகிறது. ஆகவே, எண்களே இல்லாமல், உடனே விடை சொல்லக்கூடிய கேள்விகளிலிருந்து தொடங்கும் ஆட்டத்தைத்தான் முதல் இரவுக்குப் பரிந்துரைப்பேன். அது 2005இல் வெளிவந்த டிரெட்.

அதில் பகடை கிடையாது. மேசை நடுவில் ஜெங்கா கோபுரம் நிற்கும்: 54 மரக்கட்டைகள், அடுக்குக்கு மூன்றாக 18 அடுக்குகள். ஒரு கதாபாத்திரம் எளிதில் முடியாத செயலில் இறங்கினால், அதை ஆடுபவர் ஒரு கட்டையை உருவி உச்சியில் வைக்க வேண்டும். விழாமல் வைத்துவிட்டால் செயல் கைகூடும். உருவ மனமில்லை என்றால் மறுக்கலாம். செயல் தோற்கும், கதாபாத்திரம் பிழைக்கும். கோபுரம் சரிந்தால் அந்தக் கதாபாத்திரம் கதையை விட்டு நீங்கும்: இறக்கலாம், சித்தம் கலங்கலாம், இருளுக்குள் ஓடிக் காணாமல் போகலாம். மற்றவர்களைக் காப்பாற்றுவதற்காக ஒருவர் வேண்டுமென்றே கோபுரத்தைத் தட்டிவிட்டுத் தம் கதாபாத்திரத்தைப் பலிகொடுக்கவும் இடமுண்டு. அப்படிச் செய்தால் அந்தச் செயல் நிச்சயம் வெற்றி பெறும். விதி இவ்வளவுதான். மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம்.

கேரக்டர் ஷீட்டுக்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் ஒரு வினாத்தாள் கொடுப்பார்கள். அதை எழுதுவதில்தான் கேம் மாஸ்டரின் திறமை இருக்கிறது. “உங்கள் தொழில் என்ன?” என்பது போன்ற கேள்வியால் பயனில்லை. விடையின் பாதியைக் கேள்விக்குள்ளேயே வைத்து, மீதியை மட்டும் அவரிடம் கேட்க வேண்டும். நான் ஒருமுறை எழுதிய கேள்வி இது: “இந்த வீட்டின் சாவி தொலைந்துவிட்டது என்று உங்கள் தங்கையிடம் ஏன் பொய் சொன்னீர்கள்?” அந்தத் தாளைப் பெற்றவர் வாழ்நாளில் ஆர்.பி.ஜி. ஆடியதில்லை. ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “அவள் உள்ளே போனால் திரும்பி வரமாட்டாள் என்று அம்மா சொல்லியிருந்தார்” என்று எழுதினார். அதன்பிறகு நான் அவருக்கு எதையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறக்கும் காட்சி வந்தபோது, மற்ற நால்வரும் பேசி முடிக்கும் முன்பே அவர் கை கோபுரத்தின் பக்கம் போயிருந்தது.

அந்தக் கை நடுங்கியது. இந்த ஆட்டத்தின் பெருஞ்சிறப்பு அதுதான். கதாபாத்திரத்தின் அச்சத்தை வருணிக்க வேண்டிய தேவையே எழாது. கட்டை பாதி வெளியே வந்து கோபுரம் லேசாகச் சாயும்போது மேசையைச் சுற்றி இருப்பவர்கள் தாமாகவே மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கால் ஆடும் மேசையைப் பயன்படுத்தாதீர்கள், மேசைவிரிப்பையும் அகற்றிவிடுங்கள். இரண்டாவது, கை நடுக்கமோ விரல் வலியோ உள்ளவர் இருந்தால் இந்த ஆட்டம் அவருக்கு நியாயமானதாக இராது. அப்படி ஒருவர் வந்தபோது அவர் சுட்டிய கட்டையை இன்னொருவர் உருவினார். ஓரளவுக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு வேறு ஆட்டத்தைத் தேர்வது நல்லது.

நூறுமுகம்:

மரக்கோபுரம் அவர்கள் சொன்ன வினாத்தாள் முறையை முழுமனத்துடன் ஏற்கிறேன். எந்த ஆட்டத்துக்கும் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டிரெட்டையே முதல் ஆட்டமாக வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கோபுரம் எப்போது சரியும் என்பது கேம் மாஸ்டர் கையில் இல்லை. ஒன்றரை மணி நேரத்திலேயே சரிந்து, அது அந்த அமைதியான நண்பரின் கையில் நிகழ்ந்துவிட்டால், எல்லோர் பார்வையும் அவர்மீது விழும்; அதன்பிறகு இரண்டு மணி நேரம் அவர் பார்வையாளராக இருக்க நேரும். துணிச்சலான குழுவுக்கு அது கொண்டாட்டம். நீங்கள் விவரித்த ஐவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு கால் ஆஃப் கத்துலு என்ற திகில் ஆர்.பி.ஜி. 1981இல் வெளிவந்து இன்றும் ஆடப்படுவது. புதியவர்களுக்கு அது எளிது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. புத்தகத்தின் கனத்தைப் பார்த்து மிரண்டுவிடுகிறார்கள். ஆனால் ஆடுபவர் அறிய வேண்டியது ஒன்றே. தாளில் ‘நூலக ஆய்வு 60’ என்று இருந்தால், நூறில் அறுபது பங்கு வாய்ப்பு. 1 முதல் 100 வரை காட்டும் பகடையில் 60 அல்லது அதற்குக் கீழ் விழுந்தால் வெற்றி. பள்ளிக்கூடத்தில் சதவீதம் படித்த எவருக்கும் இது விளங்கும். கூட்டல் கழித்தல் எண் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே எழாது.

ஏழாம் பதிப்பில் உள்ள ஒரு விதி புதியவர்களுக்கென்றே எழுதப்பட்டதுபோல் தோன்றும். ஒரு முயற்சி தோற்றால், ‘இன்னும் கடுமையாக முயல்கிறேன்’ என்று சொல்லி, எப்படி என்பதையும் விளக்கிவிட்டு மறுபடி உருட்டலாம். ஆனால் இரண்டாம் முறையும் தோற்றால் விளைவு மிக மோசமாக இருக்கும். பூட்டிய மேசை இழுப்பறையை நெம்புகிறார், திறக்கவில்லை. “மறுபடி முயலலாம், ஆனால் இம்முறை தவறினால் மாடியில் இருப்பதற்குக் கேட்டுவிடும்” என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மேசையில் இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். அதுவரை வாய் திறக்காதவர்கூட “வேண்டாம், விட்டுவிடுங்கள்” என்று சொல்லியே தீருவார்.

கதாபாத்திரத்தின் மனத்தெளிவைக் காட்டும் மனநிலைப் புள்ளிகளைக் கையாளும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அஞ்சத்தக்க ஒன்றைக் கண்டு ஒரே அடியில் ஐந்து புள்ளிக்கு மேலோ ஐந்தோ இழந்தவர், அடுத்து அறிவுத்திறனுக்காக ஒரு முறை உருட்ட வேண்டும். அதில் வெற்றி பெற்றால்தான் அவர் நிலைகுலைவார். கண்டது என்னவென்று மனம் புரிந்துகொண்டுவிட்டது என்று பொருள். தோற்றால் தப்பித்துக்கொள்வார். முதல்முறை கேட்பவர்கள் இதை இருமுறை சொல்லச் சொல்வார்கள். புரிந்ததும் அந்த உலகம் எத்தகையது என்பதும் புரிந்துவிடும்.

கதைக்கு, அந்த விளையாட்டோடு நெடுங்காலமாக வரும் ‘தி ஹாண்டிங்’ போதும். 1920களின் பாஸ்டன், குடியிருந்தவர்களுக்குக் கேடு நேர்ந்த ஒரு வீட்டை ஆராய, அதன் உரிமையாளர் சிலரை அமர்த்துகிறார். பதிப்பாளரே இலவசமாக வழங்கும் குறுவிதி நூலில் இந்தக் கதை இருக்கிறது. கதாபாத்திரங்களை நீங்களே முன்கூட்டி நிரப்பி வைத்துவிடுங்கள். நாளிதழ் அலுவலகம், நூலகம் என்று தகவல் திரட்டும் முதல் பகுதி புதியவர்களுக்கு நீளம். அதை இரண்டு இடங்களாகச் சுருக்கி, முக்கால் மணி நேரத்தில் வீட்டின் வாசலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நாளிதழ்த் துணுக்குகளைப் பழைய தாளில் எழுதி நான்காய் மடித்து அவர்கள் கையில் கொடுங்கள். மடித்த தாளைப் பிரிக்கும் கை அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதில்லை. படிக்கிறது, பக்கத்திலிருப்பவருக்குக் காட்டுகிறது, விவாதம் தொடங்கிவிடுகிறது.

“ஜெயிப்பது எப்படி?” என்று கேட்ட நண்பருக்கு: “அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிட்டு உயிரோடு வெளியே வாருங்கள்.” அது அந்த ஒரு கதைக்கான விடைதான்; முதல் இரவுக்கு அது போதும்.

திரைச்சீலை:

மேலே இருவரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். திகில் படம் பார்க்காத அந்த நண்பரைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஏனென்றால் அவர் இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

நான் முதன்முதலாக மேசையில் அமர்ந்ததும் ஒரு திகில் ஆட்டத்துக்காகவே. நடத்தியவர் நல்லவர், திறமைசாலி. கதையின் நடுவே ஒரு குழந்தை தண்ணீரில் மூழ்குவதை மெதுவாக, மிக நுட்பமாக விவரித்தார். என் குடும்பத்தில் அப்படியொரு இழப்பு நேர்ந்திருந்தது அவருக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. எழுந்து போவது மரியாதைக் குறைவு என்று எண்ணி, ஆட்டம் முடியும்வரை புன்னகைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு மூன்று ஆண்டுகள் எந்த மேசைப் பக்கமும் போகவில்லை. ஒரே ஒரு கேள்வியை முன்னதாகக் கேட்டிருந்தால் அது நேர்ந்திராது.

ஆகவே, அழைப்போடு சேர்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்புங்கள். குழுவில் கேட்காதீர்கள்; பலர் முன்னிலையில் “எனக்கு ஒன்றும் பயமில்லை” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கதையில் வரவே கூடாதவை எவை, வரலாம் ஆனால் விவரிக்கப்படாமல் திரைக்குப் பின்னால் நடக்க வேண்டியவை எவை என்ற இரண்டையும் கேளுங்கள். ஆர்.பி.ஜி. வட்டாரத்தில் இவற்றைக் ‘கோடுகளும் திரைகளும்’ என்பார்கள். விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் வழக்கில் கொண்டுவந்த சொற்கள் அவை. காரணம் கேட்காதீர்கள். வந்த விடைகளை ஒரே பட்டியலாக்கி, யார் சொன்னது என்று குறிக்காமல், ஆட்டம் தொடங்கும் முன் படித்துக்காட்டுங்கள். உங்களுடையது ஒன்றையும் அதில் சேருங்கள்.

மேசை நடுவில் எக்ஸ் கார்டு ஒன்று வையுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் 2013இல் உருவாக்கியது அது. எக்ஸ் குறி போட்ட சாதாரண அட்டை. காட்சி தாங்கவில்லை என்றால் யாரும் அதைத் தொடலாம்; தொட்டதும் அந்தக் காட்சியை மாற்றிவிட்டுத் தொடர வேண்டும், விளக்கம் கேட்கக் கூடாது. இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. அட்டையை வைத்து விளக்கிவிட்டு, அன்று முழுவதும் யாரும் அதைத் தொடவில்லை என்றால் எல்லாம் நலம் என்று கருதிவிடுகிறார்கள். புதியவர் முதலில் தொட மாட்டார். ஆதலால் நீங்களே முதலில் தொடுங்கள். ஆட்டத்தின் முதல் அரை மணி நேரத்துக்குள் சிறியதொரு விவரத்தைச் சொல்லி, “இல்லை, இது வேண்டாம் என்று தோன்றுகிறது” என்று அட்டையைத் தொட்டு மாற்றிச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களின் கை அதை நோக்கி நீளும்.

திகில் படம் பார்க்காதவர்களில் பலர் அச்சத்தை வெறுப்பதில்லை. திடீரென்று எழும் சத்தத்தையும் குருதியையும் தவிர்க்கிறார்கள். பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது என்று அறியும் ஆவல் அவர்களுக்கும் உண்டு. உங்கள் நண்பர் எதைத் தவிர்க்கிறார் என்று கேட்டால் தெரிந்துவிடும்; கதையைத் தேர்ந்தெடுப்பதும் சுலபமாகும்.

மெழுகுவர்த்தி பற்றி: அதற்கென்றே ஓர் ஆட்டம் இருக்கிறது. 2015இல் வந்த டென் கேண்டில்ஸ். பத்துச் சிறு மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்துத் தொடங்குவார்கள். முயற்சி ஒன்று தோற்கும்போதெல்லாம் ஒன்று அணைக்கப்படும், காட்சி முடியும். காற்றில் தானாக அணைந்தாலும் மீண்டும் ஏற்றக் கூடாது. எரியும் மெழுகுவர்த்திகள் எத்தனையோ அத்தனை பகடைகளே அடுத்த காட்சிக்கு. ஆகவே நம்பிக்கையும் வெளிச்சமும் சேர்ந்தே குறைகின்றன. கடைசி மெழுகுவர்த்தி அணையும்போது ஒருவரும் உயிருடன் இருக்க மாட்டார்கள் என்பது தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் தொடங்கும்போது கதாபாத்திரங்கள் பதிவு செய்த கடைசிச் செய்தி, முடிவில் முழு இருட்டில் ஒலிக்கும். நான் ஆடியவற்றுள் இதற்கு இணையான அனுபவம் வேறில்லை. ஆனாலும் உங்கள் ஐவருக்கு அதை முதலாவதாக வைக்க மாட்டேன். திகிலைத் தவிர்ப்பவரை முழு இருட்டில் உட்கார வைப்பது ஒன்று. தாள்களை எரிப்பதும் அந்த ஆட்டத்தின் பகுதி என்பது மற்றொன்று. அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு ஆட்டங்களுக்கு விளக்கை முழுவதும் அணைக்காதீர்கள். தாளில் உள்ள எழுத்தைப் படிக்கவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் போதிய வெளிச்சம் வேண்டும். யாருக்கு ஒவ்வவில்லை என்பதை நீங்கள் முகத்தில்தான் கண்டுகொள்ள முடியும்.

பழையவரைபடம்:

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக ஒரு சொல். சென்ற ஆண்டு நேர்ந்த பிழை, கதாபாத்திரங்களை மேசையில் உருவாக்கியது. நிரப்பிய தாள்களைக் கொடுத்திருந்தால் அன்றிரவு வேறு விதமாக முடிந்திருக்கும்.

அந்த விளையாட்டுக்கும் இந்த இரவுக்கும் பழைய உறவு உண்டு. 1983இல் அதற்கென வெளிவந்த, ஒரு கோட்டையில் நிகழும் ரேவன்லாஃப்ட் கதையை எழுதிய டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர், அது அச்சேறுவதற்கு முன் சில ஆண்டுகள் ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் அதைத் தம் நண்பர்களுடன் ஆடிப் பார்த்தார்கள். மேசையில் சீட்டுகளைப் பிரித்து, முக்கியமான பொருள்கள் கோட்டையில் எங்கே இருக்கின்றன என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றி அமைக்கும் முறை அதில் உண்டு. புதியவர்களை மேசைக்கு இழுக்க அந்தச் சீட்டுக்காட்சி ஒன்றே போதும். எந்த ஆட்டத்திலும் அதைத் தொடக்கமாக வைக்கலாம்.

ஆனால் ரேவன்லாஃப்டின் 2016ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரையாக வந்த ‘டெத் ஹவுஸ்’ கதையைப் புதியவர்களுக்கு வைக்காதீர்கள். இலவசம், வீடு, பேய், முதல் நிலைக் கதாபாத்திரங்கள் (அதாவது இப்போதுதான் தொடங்கும், வலுக்குறைந்தவர்கள்) என்று எல்லாம் பொருந்துவதுபோல் தெரியும். முதல் நிலைக் கதாபாத்திரங்களை இரக்கமின்றிக் கொல்லும் கதை அது. குழந்தைகளுக்கு நேரும் கொடுமையும் அதில் வருகிறது. திரைச்சீலை அவர்கள் எழுதியதைப் படித்தபின் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அச்சம் குறைவாகவும் மர்மம் கூடுதலாகவும் வேண்டுமென்றால் 2017இல் வெளிவந்த டேல்ஸ் ஃப்ரம் தி லூப் ஒரு வழி. கதாபாத்திரங்கள் எல்லோரும் சிறுவர் சிறுமியர். அவர்கள் இறக்க மாட்டார்கள் என்பது அதன் விதிகளில் ஒன்று. அதை உரக்கச் சொன்னதும் தயங்குபவர்களின் தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்திவிளக்கு:

மூவருக்கும், குறிப்பாகத் தம் சொந்த இழப்பை எங்களுக்காகப் பகிர்ந்துகொண்ட திரைச்சீலை அவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. நான்காவதாக வந்த பழையவரைபடம் அவர்கள் சொன்னதும் சரியே. சென்ற ஆண்டின் பழியை ஆட்டத்தின்மீது போட்டுவிட்டேன்.

தி ஹாண்டிங் கதையை ஆடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நிரப்பிய தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் நான்கு கேள்விகள் எழுதப்போகிறேன். எஞ்சியிருக்கும் ஐயம் அமைதியான நண்பரைப் பற்றியது. “நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று நேரடியாகக் கேட்டால் சங்கடப்படுவார்; கேட்காமல் விட்டால் இரவு முழுவதும் பேசாமலே போய்விடுவார். இதை எப்படிக் கையாள்கிறீர்கள்?

மரக்கோபுரம்:

நூறுமுகம் அவர்களின் மறுப்பு நியாயமானது. உங்கள் குழுவுக்கு உங்கள் தேர்வே பொருத்தம்.

அமைதியானவரிடம் திறந்த கேள்வியைக் கேட்காதீர்கள். அவர் ஏற்கெனவே அறிந்த ஒன்றைப் பற்றி, அவர் மட்டுமே சொல்லக்கூடியதைக் கேளுங்கள். அவர் கதாபாத்திரம் மருத்துவர் என்றால், “டாக்டர், இந்த அறைக்குள் நுழைந்ததும் உங்களுக்கு மட்டும் ஒரு வாசனை புலப்படுகிறது. தொழிலில் பலமுறை நுகர்ந்த வாசனை. அது என்ன?” என்று கேளுங்கள். என் மேசையில் இதே கேள்விக்கு ஒருவர் மிகத் தாழ்ந்த குரலில் “கார்பாலிக்” என்றார், கிருமிநாசினியைக் குறிக்கும் ஒரே சொல். “ஆமாம், கார்பாலிக். யாரோ இந்த அறையைக் கழுவியிருக்கிறார்கள். இன்றைக்கு” என்று தொடர்ந்தேன். மற்ற நால்வரும் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்கள். அந்த ஒரு சொல் கதையின் உண்மையாகிவிட்டதை அவர் பார்த்தார். அரை மணி நேரம் கழித்துத் தாமாகவே, “அந்தத் துணியை நான் முகர்ந்து பார்க்கலாமா?” என்று கேட்டார்.

அவர் எதைச் சொன்னாலும் மறுக்காதீர்கள், மெருகேற்றவும் செய்யாதீர்கள். அப்படியே எடுத்துக் கதைக்குள் வையுங்கள். பேசும்படி மற்றவர்கள் அவரைத் தூண்டினால் மெதுவாகத் தடுத்துவிடுங்கள். பேசாமல் ஆழ்ந்து கேட்டுக்கொண்டிருப்பவரும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார். இதை மறந்துவிட்டு அவரை இழுத்து நடுவில் நிறுத்தும் கேம் மாஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் கால் மணி நேரத்துக்கு: ஆர்.பி.ஜி. என்றால் என்ன என்று விளக்காதீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்த 1974இலிருந்து தொடங்கும் வரலாறு நமக்குச் சுவையானது. அவர்களுக்கு அன்று தேவையில்லை. எல்லோரும் அமர்ந்ததும் தாளைக் கொடுத்து, பின்பக்கத்துக் கேள்விகளைப் படிக்கச் சொல்லி, விடைகளை ஒருவருக்கொருவர் சொல்லச் செய்யுங்கள். பிறகு பகடையை ஒருமுறை உருட்டிக் காட்டிவிட்டு, வீட்டு உரிமையாளரின் குரலில் பேசத் தொடங்கிவிடுங்கள்.

நூறுமுகம்:

ஒரு சிறிய சேர்க்கை. நூறு வரை காட்டும் பகடை என்பது உண்மையில் பத்து முகப் பகடை இரண்டு. ஒன்று பத்துகளையும் மற்றது ஒன்றுகளையும் காட்டும். இரண்டும் வெவ்வேறு நிறத்தில் இருக்கட்டும். பத்துகளைக் காட்டும் நிறம் எது என்பதைத் தாளின் மேல்முனையில் அதே நிறப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் காட்டிவிடுங்கள். இந்த ஒரு குழப்பம்தான் அன்றிரவு பத்து முறை வரும். இரண்டிலும் பூஜ்யம் விழுந்தால் நூறு; நூறு என்றால் படுதோல்வி. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூஜ்யம் நல்லது என்று நினைத்து மகிழ்ந்தவரின் முகம் வாடுவதைப் பார்க்க நேர்ந்திருக்கிறது.

அந்திவிளக்கு:

நேற்றிரவு ஐவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். கோடுகளும் திரைகளும் பற்றிய கேள்விகளோடு, பின்பக்கக் கேள்விகளில் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன்: “சிறுவயதில் நீங்கள் வாழ்ந்த வீட்டில், பகலில்கூடத் தனியாகப் போகத் துணியாத இடம் எது?”

முதல் பதில் திகில் படம் பார்க்காத நண்பரிடமிருந்து வந்தது. கண்ணுக்கு ஊறு நேர்வதும் விலங்குகள் துன்புறுவதும் வரவே கூடாது. மற்றவை எதுவாயினும் சம்மதம் என்று இரண்டே வரியில் எழுதியிருந்தார். அடுத்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு மரக்கதவைப் பற்றி ஒரு முழுப் பத்தி. அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்ததாம். ஆனால் உள்பக்கத்திலும் தாழ்ப்பாள் தேய்ந்த தடம் இருந்ததாம். செய்தியின் கடைசி வரியில், தம் கதாபாத்திரம் அந்தக் கதவை அறிந்தவராக இருக்கலாமா என்று கேட்டிருந்தார்.

அவருடைய தாளை இப்போது மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டின் வரைபடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கதவை வரைந்தாகிவிட்டது.